கொழுந்து லொறிக்கு நான் பார்த்த வைப்பர் வைத்தியம்

ஓட்டோ வயரிங் வேலைன்னா மத்த ஊர்ல பெட்டரி, டைனமோ, ஹோர்ன்னு பல சோலி இருக்கும். பொகவந்தலாவை ரோட்டுல கடை போட்டவனுக்கு முக்காவாசி நாள் வைப்பர் தான் சோலி.

கதவுக் கண்ணாடிய எறக்கி, தலைய வெளிய நீட்டி, மூஞ்சியெல்லாம் தண்ணி வடிய வண்டி ஓட்டின ஆளா நீங்க? அப்ப நான் சொல்றது உங்களுக்கு ஒடனே விளங்கும். அந்த அனுபவம் இல்லாதவங்க, ஈரத் துண்ட மொகத்துல போத்திகிட்டு ஒரு மலை முடக்குல, அதான் கொண்டை ஊசி வளைவுல, எறங்குறதா நெனச்சுக்கங்க. போதும்.

என்னைய இந்தப் பக்கம் வயர் பாஸ்னு கூப்பிடுவாங்க. கைத்தொழில் தெரிஞ்சவன் யாரா இருந்தாலும் எங்க ஊர்ல பாஸ் தான். பதினேழு வருசமா இதே வேலை. எனக்கு ஒரு கெட்ட கொணம் உண்டு. நான் வேலை பாக்கிறப்ப எவனாவது பக்கத்துல நின்னு யோசனை சொன்னா எனக்குப் பத்திகிட்டு வரும். அந்தக் கொணத்தை ஒரே ஒரு பழைய லொறி எறக்கி வச்சுச்சு.

கயிறு கட்டின வைப்பர்

போன வருசம் மழை பிடிச்ச மூணாம் நாள் அந்த லொறி கடை வாசல்ல வந்து நின்னுச்சு. தோட்டத்து மேல் டிவிசன்ல நிறுத்துப் போடுற தேயிலைக் கொழுந்த மூட்டை மூட்டையா ஏத்திகிட்டு, கீழ இஸ்டோர்ல, அதான் தேயிலை பேக்டரில, கொண்டாந்து கொட்டுற வண்டி. எனக்கு மூத்த வண்டி. ரெண்டு வைப்பர்லயும் கயிறு கட்டி, ஒரு முனைய இந்த ஜன்னல் வழியாவும் மறு முனைய அந்த ஜன்னல் வழியாவும் உள்ள எடுத்திருந்தாங்க. டிரைவர் மருதமுத்து அண்ணன் ஒரு இழுப்பு, பக்கத்துல பவளம் அக்கா ஒரு இழுப்பு. பவளம் அக்கா கொழுந்து மலையில கங்காணி. கொழுந்து நிறை எழுதின துண்டுச் சீட்ட எடுத்துகிட்டு தெனம் இஸ்டோர் வரைக்கும் லொறியில கூட வர்றவங்க. ரெண்டு பேருமா இழுத்து இழுத்தே பன்னெண்டு முடக்கு எறங்கி வந்திருக்காங்க.

மருதமுத்து அண்ணன் மெதுவா எறங்கினாரு. இடுப்புல தகடு வச்ச மனுசன். முந்தின நாள் மூடுபனியில ரோடு தெரியாம லொறி ரோட்டோரத் தண்ணிக் கான்ல எறங்கி, தூக்கி விடுறதுக்குள்ள மூட்டைக்குள்ள கொழுந்து சூடேறி செவந்து போச்சாம். தோட்டத்து மேனேஜர் தொரை அந்தக் கொழுந்துக்குள்ள கைய விட்டுப் பாத்துட்டு சத்தம் போடல. இந்த மழை முடியுறதுக்குள்ள இன்னொரு தடவை கொழுந்து பிந்தினா லொறி ஏலத்துக்கு, கொழுந்து ஏத்துறது வெளி லொறிக்கு, மருதமுத்து கவ்வாத்து மலைக்குன்னு மட்டும் சொன்னாராம். கவ்வாத்துன்னா தேயிலைச் செடிய கத்தியால வெட்டி எறக்குற வேலை. நாள் பூரா சரிவுல காலை ஊணி நிக்கணும். இந்த இடுப்ப வச்சுகிட்டு அவரால ஒரு வாரம் தாங்க முடியாது. அது தொரைக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் டேஷ்போர்டுக்குக் கீழ தலைய விட்டேன். உள்ள கோயில் வாசம். மேல ஒரு சின்ன சூலம், அதுல ஒரு எலுமிச்சம்பழம். ரோதமுனி. இஸ்டோர் மெசினுக்கெல்லாம் காவல் இருக்கிற சாமி. மருதமுத்து அண்ணன் அவரை லொறிக்கும் கூட்டிட்டு வந்துட்டாரு. கோளாறு சின்னது தான். மோட்டருக்கு கரண்ட் வருது, ஏர்த் எடுக்கிற போல்ட்டு துருப்பிடிச்சு கெடக்கு. சொரண்டி, புது வயர் போட்டேன். வைப்பர் துள்ளிகிட்டு எழும்புச்சு. பவளம் அக்கா கயித்த அவுத்து, சுருட்டி, மடியில வச்சுகிட்டாங்க.

"கயிறு எங்கிட்டயே இருக்கட்டும் பாஸ். உங்க வேலை மேல சந்தேகம் இல்ல, மழை மேல தான் சந்தேகம்."

சைக்கிள் டியூப்

ஒரு வாரத்துல லொறி திரும்ப வந்துருச்சு. நான் வெளிய வந்து பாத்தா வைப்பர் நல்லா தானே ஓடுது? கிட்ட போய் ரப்பரத் தொட்டேன். ரப்பர் இல்ல. சைக்கிள் டியூப நீட்டா வெட்டி உள்ள சொருகியிருக்கு. அது மட்டுமா, கண்ணாடி மேல புகையிலைய தேச்சிருக்காங்க, அதுக்கு மேல உருளைக்கிழங்க வெட்டி தேச்சிருக்காங்க, அதுக்கும் மேல பல்லு விளக்குற பசை. மழைத் தண்ணி நிக்காதுன்னு பாக்கிறவன் எல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்லியிருக்கான். நீங்களும் இதுல ஏதாவது ஒண்ணை செஞ்சிருப்பீங்க, மறைக்காதீங்க.

எனக்கு வந்த கோவத்துல மருதமுத்து அண்ணன்கிட்ட நல்லா நாலு வார்த்தை கேட்டேன். "இது வண்டியாண்ணே, கறி சமைக்கிற சட்டியாண்ணே?"ன்னு கேட்டேன். அவரு சட்டைக் கையால அந்தப் பசைய தொடைக்கத் தொடங்கினாரு, எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. பம்பர்ல ஏறி நின்னு கண்ணாடிய வெளிப்பக்கம் பூரா கழுவி, நல்ல பிளேட் ரெண்டு போட்டு அனுப்பினேன். அந்த வாரக் கடைசில திரும்பவும் ஹோர்ன் சத்தம். எறங்காமலே ஜன்னல் வழியா சொன்னாரு.

"ஓடுது தம்பி, ஆனா தெரியல."

என் டீ கிளாஸ் போன கதை

அடுத்த சந்தேகம் வைப்பர் கை மேல. உள்ள இருக்கிற ஸ்பிரிங் களைச்சுப் போச்சுன்னா ரப்பர் கண்ணாடிய அழுத்தாது, சும்மா தடவிட்டுப் போகும். ரெண்டு கையையும் மாத்தினேன். கைய ஆட்டுற லிங்க்ல புஸ் தேஞ்சு கடகடன்னு ஆடுச்சு, அதையும் மாத்தினேன். அரை நாள் வேலை. நடுவுல பவளம் அக்கா டீ வாங்கியாந்து குடுத்தாங்க. கிளாஸ கண்ணாடிக்குக் கீழ இருக்கிற விளிம்புல வச்சுட்டு, "சுவிச்ச போடுங்கண்ணே"ன்னேன்.

பதினேழு வருச அனுபவம் பாருங்க, வலது பக்க வைப்பர் கைய ரெண்டு பல்லு தள்ளிப் பூட்டியிருக்கேன். அது கண்ணாடிய விட்டு எறங்கி வந்து டீ கிளாஸ அப்படியே ஒரு அடி. கிளாஸ் ரோட்டுல, டீ என் சட்டையில. யாரும் சிரிக்கல, அது தான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அதைக் கழட்டி சரியான பல்லுல திருப்பிப் பூட்டினேன். மருதமுத்து அண்ணன் ஸ்டேரிங்குக்குப் பின்னால இருந்து ரொம்ப மரியாதையா சொன்னாரு.

"டீய நல்லா தொடைக்குது தம்பி. மழைய எப்படி தொடைக்குதுன்னு நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

கினிகத்தேனை மோட்டர்

மறுநாள் வந்து அவரு சொன்னது அதே தான். ஓடுது, ஆனா தெரியல. மத்தியானத்துக்கு மேல மூடுபனி எறங்கினா முன்னால பால் ஊத்தின மாதிரி இருக்குதாம். பழைய கண்ணாடின்னா கொஞ்சம் மங்கலா தானே இருக்கும், வைப்பர் வேகம் பத்தலைன்னு நான் முடிவு கட்டினேன். அந்த லொறியில இருந்தது ஒரே ஸ்பீட் மோட்டர். நிதானமா போயி நிதானமா வரும். எனக்கோ ரோசம். வேலைய ஒரேயடியா முடிச்சுக் காட்டணும்னு பழைய மோட்டரக் கழட்டி பையில போட்டுகிட்டு கினிகத்தேனைக்கு பஸ் ஏறினேன்.

அங்க பண்டா முதலாளின்னு ஒருத்தர் பழைய ஜப்பான் சாமான் கடை வச்சிருக்காரு. நான் கொண்டு போன மோட்டர ரெண்டு பெட்டரில மாட்டி ஓட விட்டுப் பாத்தாரு. லொறிக்கு இருபத்திநாலு வோல்ட்; கார் மோட்டர போட்டா எரிஞ்சிரும், அது அவருக்கும் தெரியும். நான் கொண்டு போன மோட்டர் அது பாட்டுக்கு அழகா ஓடுச்சு. "மோட்டருக்கு லெட இல்ல பாஸ், வண்டிய பாருங்க"ன்னாரு. லெடன்னா சிங்களத்துல நோய். அந்த மனுசன் வியாபாரத்தையே விட்டுக் குடுத்து உண்மைய சொன்னாரு. நான் கேக்கணுமே! ரெண்டு ஸ்பீட் மோட்டர் ஒண்ண எடுத்துகிட்டு தான் வந்தேன்.

புது மோட்டருக்கு ஏத்த மாதிரி தகடு வெட்டி, ரிலே போட்டு, தடிச்ச வயர் இழுத்து, தனி பியூஸ் வச்சு குடுத்தேன். ரெண்டாவது ஸ்பீட்ல போட்டா வைப்பர் பாய்ச்சல் காட்டுது. போன்ல வீடியோ கூட எடுத்தேன். மூணாம் நாள் மருதமுத்து அண்ணன் நடந்து வந்தாரு, லொறி இல்லாம. மொகத்துல ரத்தமே இல்ல. அஞ்சாம் முடக்குல எதிர்ல வந்த பஸ்ஸ கடைசி நிமிசத்துல தான் பாத்தாராம். ஒரு சாண் இடைவெளி. வண்டிய ஓரம் கட்டி, பனி விலகுற வரைக்கும் நின்னுட்டாரு. கொழுந்து பிந்திருச்சு. இஸ்டோர்ப் பொறுப்புல இருக்கிற டீமேக்கர் ஐயா நல்ல மனுசன், இந்த ஒரு தடவை தொரை காதுக்குக் கொண்டு போகல. இன்னொரு தடவைன்னா அவராலயும் மறைக்க ஏலாதுன்னு சொல்லிட்டாரு. இதையெல்லாம் சொல்லிட்டு, என்னைய குத்தம் சொல்லாம, கெஞ்சுற மாதிரி சொன்னாரு பாருங்க, அது தான் எனக்கு உள்ள போய் தச்சிருச்சு.

"நானும் ஒவ்வொரு நடைக்கும் சூடம் கொளுத்திக் கும்பிட்டுகிட்டு தான் இருக்கேன் தம்பி. நீயும் கொஞ்சம் நல்லா பாரு."

பீலிக்கரையில ஒரு கால் மணி நேரம்

மறுநாள் கடைய பூட்டிட்டு, லொறியில நானே ஏறி உக்காந்துட்டேன். மேல் டிவிசன்ல பகல் கொழுந்து நிறுத்து ஏத்தியாச்சு. மருதமுத்து அண்ணன் ஸ்டேரிங்ல, பவளம் அக்கா நடுவுல, நான் ஜன்னலோரம். மழை சாத்துது. கிளப்புறதுக்கு முன்னால அண்ணன் ரெண்டு பக்கக் கண்ணாடியையும் ஏத்தச் சொன்னாரு. காத்து வந்தா சூடம் அணைஞ்சிருமாம். பால்மா டின் மூடியில சூடத்தை வச்சு, கொஞ்சம் சாம்பிராணியும் தூவி, சூலத்துக்கு முன்னால மூணு சுத்து சுத்தினாரு. "முந்தியெல்லாம் வெள்ளிக்கிழமை மட்டும் தான் தம்பி. வைப்பர் சேட்டை பண்ணத் தொடங்கினதுல இருந்து நடைக்கு நடை"ன்னாரு. நானும் கண்ணை மூடி நல்லா கும்பிட்டேன். கண்ணைத் தெறந்து வச்சிருந்தா அங்கயே விளங்கியிருக்கும்.

ரெண்டாம் முடக்குலயே பனி எறங்கிருச்சு. என் மோட்டர், என் கை, என் ரப்பர் எல்லாம் சொன்ன வேலைய செய்யுது. முன்னால ஒரு மண்ணும் தெரியல. பவளம் அக்கா, "ஆவி பிடிச்சிருக்கு"ன்னு பழக்கப்பட்ட கையால ஒரு துணிய எடுத்து உள்பக்கம் தொடைச்சாங்க. இன்னும் மோசமாச்சு. அண்ணன் மூஞ்சிய கண்ணாடியோட ஒட்டிகிட்டு ஓட்டுறாரு. நான் பயத்துல கைய முன்னால ஊணினேன், விரலு கண்ணாடியில இழுபட்டுச்சு. இழுபட்ட அந்த ஒரு விரல் அகலத்துல ரோடு தெரிஞ்சுது. கான் தெரிஞ்சுது, தேயிலைச் செடி தெரிஞ்சுது. விரலப் பாத்தேன். கறுப்பா, பிசுபிசுன்னு, சூடப் புகை.

அத்தனை தடவையும் நான் பம்பர்ல ஏறி வெளிய நின்னு தான் கண்ணாடிய பாத்தேன். ஒரு நாள் கூட டிரைவர் சீட்டுல உக்காந்து பாக்கல. இப்ப இதை அந்த மனுசன்கிட்ட எப்படி சொல்றது? வேலை போயிருமோன்னு பயந்து பயந்து அவரு கும்பிட்டது தான் அவரு கண்ணை மறைச்சிருக்கு. "அண்ணே, அந்தப் பீலிகிட்ட நிறுத்துங்க"ன்னு மட்டும் சொன்னேன். மலைத் தண்ணிய குழாய் வச்சு விழ விட்டிருக்கிற எடம் அது. "நிறுத்தினா பிந்திரும் தம்பி, கொழுந்து சூடேறிரும்"னு அவரு கெஞ்சினாரு. "நிறுத்துங்கண்ணே, நான் சொல்றேன்ல"ன்னு அதட்டிட்டேன். வயசுல மூத்தவரை கோவம் இல்லாம அதட்டினது அது தான் முதல் தடவை.

பவளம் அக்கா என் விரலப் பாத்தாங்க, பையில இருந்து துணி சோப்பு கட்டிய எடுத்துக் குடுத்தாங்க. அவங்க ரொட்டி சுத்தி வந்த பழைய பேப்பரையும் குடுத்தாங்க. நான் உள்பக்கம் சோப்புத் தண்ணி போட்டுத் தேச்சேன், அவங்க தண்ணி மொண்டு குடுத்தாங்க. கறுப்புத் தண்ணி கண்ணாடியில வடிஞ்சு, சூலத்தைச் சுத்திகிட்டு டேஷ்போர்டுல ஓடுச்சு. கால் மணி நேரம். மருதமுத்து அண்ணன் மழையில நின்னு அந்தத் தண்ணியவே பாத்துகிட்டு இருந்தாரு. தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து கையில வச்சிருந்தாரு. "நான் கும்பிட்டது தானா தம்பி?"ன்னு கேட்டாரு. நான் பேப்பரக் கசக்கித் தேய்க்கிற மாதிரி திரும்பிகிட்டேன். பதில் பவளம் அக்கா தான் சொன்னாங்க.

"நமக்கே தெரியலைன்னா, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நம்ம கூட உக்காந்திருக்க சாமிக்கு மட்டும் ரோடு எப்படிண்ணே தெரிஞ்சிருக்கும்? பாவம், அவரும் கஷ்டப்பட்டு தான் வந்திருப்பாரு."

தொரை கேட்ட கேள்வி

மிச்ச முடக்கு எல்லாம் அண்ணன் சீட்டுல சாஞ்சு உக்காந்து ஓட்டினாரு. ரெண்டு முடக்கு தாண்டினதும் அவரா, "அந்தா பாரு தம்பி, மரத்துல பறவை"ன்னாரு. தெரியுதுன்னு எனக்குக் காட்டுறாரு. பீலியில கால் மணி நேரம் நின்னும் கொழுந்து நேரத்துக்கு இஸ்டோர் வந்து சேந்துச்சு, ஏன்னா தெரியுற ரோட்டுல அவரு ஓட்டுற வேகமே வேற. டீமேக்கர் ஐயா மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாத்துட்டு, சரின்னு தலைய ஆட்டிட்டுப் போனாரு.

அதுக்கப்புறம் அந்த மழை முடியுற வரைக்கும் கொழுந்து ஒரு நாளும் பிந்தல. சூடம் இப்பவும் நடைக்கு நடை உண்டு. ஆனா வண்டிக்கு வெளிய, முன் டயருக்குப் பக்கத்துல, தரையில. மழை பேஞ்சா பவளம் அக்கா கொடை பிடிப்பாங்க. மழைக் கடைசில வெளி லொறிக்காரன் ஒருத்தன் கொழுந்து ஏத்துற வேலைய கேட்டு தொரைய பாக்க வந்தான். அவன் வண்டியே பனியில மூணாம் முடக்குல நின்னுட்டு பிந்தி தான் வந்துச்சாம். தொரை அதைப் பாத்துட்டு, ஏலத்துக்கு எழுதி வச்சிருந்த கடுதாசிய எடுத்துக் கிழிச்சாராம். அப்புறம் மருதமுத்து அண்ணனைக் கூப்பிட்டு, லொறியில அப்படி என்னத்தை மாத்தியிருக்குன்னு கேட்டாராம். இதைச் சொல்ல அண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோட கடைக்கு வந்தாரு. "என்னண்ணே சொன்னீங்க?"ன்னு கேட்டேன். அவரு ரோட்டுல ரெண்டு பக்கமும் பாத்துட்டு, கொரல எறக்கிகிட்டு சொன்னாரு.

"மோட்டர்னு சொல்லிட்டேன் தம்பி. சோப்புன்னு சொன்னா நம்ம ரெண்டு பேருக்குமே மரியாதை இல்ல பாரு."

இப்ப தோட்டத்து வண்டி எல்லாம் வைப்பருக்கு என்னையத் தேடி வருது, நானும் முதல் வேலையா டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்து, யாரும் பாக்காதப்ப உள்பக்கக் கண்ணாடிய ஒரு விரலால தடவிப் பாத்துட்டு தான் ஸ்பேனரையே கையில எடுக்கிறேன்.